வந்தியத்தேவன் போன வழி

வாசகிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. சிறு வயதில் ஏதோ ஒரு கதை படித்திருப்பீர்கள். அதில் ஓர் ஊர் வந்திருக்கும். அந்த ஊரின் வீதியும் குளமும் மதிலும், சொந்த ஊரைக் காட்டிலும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 'ஒரு தடவையாவது அங்கே போய் நின்று பார்த்துவிட வேண்டும்' என்று மனசுக்குள் சபதம்கூடச் செய்திருப்பீர்கள். அப்புறம் என்ன ஆயிற்று? கல்யாணம் ஆயிற்று. குழந்தைகள் ஆயின. பால் கணக்கும் பள்ளிக்கூடச் சம்பளமும் வந்து சேர்ந்தன. அந்த ஊர் மட்டும் பழைய பித்தளைப் பாத்திரங்களோடு பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டது!

என் விஷயத்தில் அந்த ஊர் அநுராதபுரம். அதைப் பரணிலிருந்து இறக்கி, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது 2018-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில். தன்னந்தனியாகப் போனேன். "யாரோடு போனாய்?" என்று கேட்பவர்களுக்கு இன்னும் பதில் சொல்லி முடியவில்லை. ஆகையால் இந்த வாரம் முழு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் தேவிகாபுரம். ஆரணிக்குப் பக்கம். பெரியநாயகி அம்மன் கோயில் மதிலையும் கனககிரி மலையையும் பார்த்தவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். ஜவுளிக் கடையில் 'ஆரணிப் பட்டு' என்று உங்கள் முன் விரித்துப் போடுகிறார்களே, அதில் எங்கள் ஊர்த் தறியிலிருந்து இறங்கியதும் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு தறி. அப்பா ஒன்றில், அம்மா ஒன்றில். ஆயாவுக்குத் தார் சுற்றும் வேலை. (எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வது.) பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் அதே வேலைதான். ஆனால் அதில் ஒரு சலுகை உண்டு. கதை வாசிக்கிறவர்களுக்குத் தார் சுற்றுவதிலிருந்து விடுதலை! வாசிப்பில் எனக்குப் பிரியம் வந்த ரகசியம் இவ்வளவுதான்.

வாசித்தது என்ன கதை என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் வாரா வாரம் வந்த 'பொன்னியின் செல்வன்'. ஆயாவின் தமையனார் அந்தக் காலத்திலேயே இதழ் இதழாகக் கத்தரித்து, கெட்டி அட்டை போட்டுத் தைத்து வைத்திருந்தார். மணியம் அவர்களின் சித்திரங்களோடு அந்த ஐந்து தொகுதிகளும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தன. நான் உரக்க வாசிப்பேன். தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எழும்ப வேண்டும் என்பதால், பழுவேட்டரையர் மட்டுமல்ல, குந்தவைப் பிராட்டிகூட எங்கள் வீட்டில் கத்தித்தான் பேசுவாள்! கதை ஆபத்தான கட்டத்துக்கு வந்தால் அப்பாவின் தறி தானாக நின்றுவிடும். "ம்... அப்புறம்?" என்பார். அன்றைக்கு முந்தி அறுக்க வேண்டிய புடவை மறுநாளைக்குப் போகும். அம்மாவின் கோபம் கல்கி அவர்களின் பேரில் திரும்பும்.

கதாநாயகன் வந்தியத்தேவன் விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ஊர்க்கர்வமும் உண்டு. வல்லத்து வாணர் குலத்துப் பிள்ளை அல்லவா? திருவல்லம் எங்கள் பழைய வடஆற்காடு ஜில்லாதானே? 'நம்ப பக்கத்துப் பையன்' என்றே ஆயா அவனைச் சொல்லுவாள். ஆனால் என் மனசைப் பிடித்துக்கொண்டவள் பூங்குழலி. இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயமே அவள் பெயரில்தான். கோடிக்கரையில் படகில் ஏறுகிறாள், துடுப்பை எடுக்கிறாள், நடுக்கடலுக்குப் போய்விட்டு வருகிறாள். "துணைக்கு யார்?" என்று அவளை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரிலோ ஆரணி வரை பஸ்ஸில் போவதற்குத் தம்பியைத் துணைக்கு அனுப்புவார்கள். அவன் என்னைவிட ஆறு வயது சின்னவன்!

அந்தப் பூங்குழலிதான் வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். அங்கே தம்பள்ளை, அநுராதபுரம், காட்டு வழிகள், யானைகள், இருட்டில் பிக்ஷுக்கள் கூடும் ரகசிய சபை... எனக்கு அந்தப் பாகம் ஏறக்குறைய மனப்பாடம். அந்தச் சபையில் பிக்ஷுக்கள் இலங்கைச் சிம்மாதனத்தையே இளவரசர் அருள்மொழிவர்மருக்குக் கொடுக்க முன்வருகிறார்கள். அவர் வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். யுத்தத்தில் சேதமான விஹாரங்களைச் செப்பனிட்டுத் தரச் சொன்னவரும் அவரே. பத்து வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய வீரம் வேறு என்ன இருக்கிறது!

சரி, பிரயாணத்துக்கு வருவோம். பத்திரிகை வேலையில் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தீபாவளிக்கு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா வாணலியை இறக்கி வைத்தாள்.

"தனியாவா? பொம்பளப் பிள்ளையா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்னாடி சொல்றது?"

அத்தைமார்கள், சித்திமார்கள், எதிர்வீட்டு அக்கா எல்லாரும் அபிப்பிராயம் சொன்னார்கள். "நாப்பது பேரு சேர்ந்து பஸ்ஸுல போறாங்களாமே, அதுல போயேன்" என்றாள் ஒருத்தி. நாற்பது பேரோடு போனால் எந்த இடத்தில் எத்தனை நிமிஷம் நிற்கலாம் என்று விசில் ஊதுகிறவர் தீர்மானிப்பார். நான் நிற்க வேண்டிய இடங்களுக்கு எனக்குப் பதினைந்து வருஷ பாக்கி இருந்தது!

ஆயாதான் வழக்கைத் தீர்த்தாள். "அந்தப் பொண்ணு ராத்திரியில படகு வலிச்சுக்கினு போச்சு. இவ பகல்ல ஏரோப்ளேன்ல போறா. இதுக்கு என்னாத்துக்கு இம்மாம் பேச்சு?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று என் பையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு ரவிக்கைத் துண்டு; அவர் கையால் நெய்தது. "அசலூர்ல யாராச்சும் ஒரு வேளை சோறு போட்டா, சும்மா வரக்கூடாது" என்றார்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். தேவிகாபுரத்திலிருந்து சென்னைக்கு வரும் பஸ் அதைப்போல் மூன்று மடங்கு எடுத்துக்கொள்கிறது! கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தென்னையும் வயலும் மாறி, புதர்க்காடும் ஏரியுமாக ஆகும்போது அநுராதபுரம் வந்துவிட்டது.

நேயர்களே, புத்தகத்தில் படித்த ஊரில் இறங்கும்போது ஒரு பயம் வரும், அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். நேரில் பார்த்தால் சின்னதாக இருந்துவிட்டால்? ஆனால் அநுராதபுரம் சின்னதாக இல்லை. ஜேதவன ஸ்தூபிக்குக் கீழே நின்று அண்ணாந்தேன், கழுத்துதான் வலித்தது. மகாசேனன் என்ற அரசன் காலத்தில் தொடங்கியது. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டி முடித்தபோது உயரம் சுமார் 400 அடியாம். அந்தக் காலத்து உலகத்தில் அதைவிட உயர்ந்த கட்டடங்கள் எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகள் மட்டுந்தான். எல்லாம் செங்கல்! ஒன்பது கோடிக்கு மேல் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஸ்ரீ மகா போதி என்கிற அரசமரத்தடியில் கூட்டம் இருந்தது, சத்தமே இல்லை. எல்லாரும் வெள்ளை உடை. அசோகரின் மகள் சங்கமித்திரை கொண்டுவந்த கிளை என்கிறார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலிருந்து கணக்கு வைத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். உள்ளே விடுமுன் சோதனை போட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1985 மே மாதத்தில் இங்கே கும்பிட வந்தவர்கள் புலிகளின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. யுத்தம் ஓய்ந்தது 2009-இல். ஆயாவுக்குக் கால் நன்றாக இருந்த காலத்தில் இந்த ஊருக்கு வர முடியாமற் போனதன் காரணத்தை அந்தச் சோதனைச் சாவடியில் நின்றுதான் எனக்கு முழுதாக நினைக்கத் தோன்றியது.

அங்கே இன்னொரு விஷயம் அறிந்தேன். நமக்கு மனுநீதிச் சோழன் கதை தெரியும். பசுவின் கன்று தேர்க்காலில் அகப்பட்டதும், பசு மணி அடித்ததும், அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் திருவாரூர்க் கதை. அதே கதையை இலங்கையின் மகாவம்சம் எல்லாளன் பேரில் சொல்லுகிறது. சோழ நாட்டிலிருந்து போய் அநுராதபுரத்தில் நாற்பத்து நான்கு வருஷம் ஆண்ட தமிழன். அவனைப் போரில் கொன்றவன் துட்டகைமுனு. கொன்றவனே சமாதி எழுப்பி, அந்த வழியாகப் போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்திவிட்டு மரியாதை செய்ய வேண்டும் என்று உத்தரவும் போட்டான். எழுதி வைத்தவர் ஒரு பௌத்த பிக்ஷு. எதிரியைப் பற்றி இப்படி எழுதி வைக்க எவ்வளவு மனசு வேண்டும், நினைத்துப் பாருங்கள்!

தம்பள்ளைக்குப் போனதை விரித்தால் இடம் போதாது. இன்று தம்புள்ள என்கிறார்கள். குன்றின் மேல் ஐந்து குகைகள். கூரை முழுக்கச் சித்திரம். பாறை வெயிலில் கொதிக்கும். செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். காலையில் ஏழு மணிக்கே ஏறிவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். நான் போனபோது, இந்தியா முதலிய அண்டை நாட்டவருக்குப் பல இடங்களில் பாதிக் கட்டணந்தான்.

அங்கிருந்து பஸ்ஸில் பொலன்னறுவை. இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

பொலன்னறுவையில் நான் தங்கியது பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய ஏரிக்கரையில் ஒரு வீடு. இரண்டு அறைகளைப் பிரயாணிகளுக்கு விடுகிறார்கள். சிங்களக் குடும்பம். வீட்டுக்கார அம்மாளுக்குத் தமிழ் தெரியாது; எனக்குச் சிங்களம் தெரியாது. முதல் நாள் "ஹஸ்பண்ட்?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "அம்மா?" என்றாள். ஊரில் இருக்கிறாள் என்று கைகாட்டினேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, இடியாப்பத்தில் இரண்டை அதிகமாக வைத்தாள். தேங்காய்ச் சம்பல், பருப்பு, பனைவெல்லம் மாதிரி கித்துள் வெல்லம் கடித்துக்கொண்டு தேநீர். உலகத்தில் எந்தப் பாஷையிலும் அம்மாக்களுக்கு இந்த ஒரு வாக்கியம் தெரியும் போலிருக்கிறது!

அவளுடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ் இரண்டாவது பாஷையாகப் படிக்கிறாள். பாடப் புத்தகத் தமிழ். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கள் ஏன் எங்கள் ஊருக்கு வந்தீர்கள்?"

கதையைச் சொன்னேன். எளிய தமிழில், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து, பூங்குழலியையும் படகையும் இளவரசர் சிம்மாதனத்தை மறுத்ததையும். நன்றாகக் கேட்டாள்.

"அந்த இளவரசர் பெயர் என்ன?"

"அருள்மொழிவர்மர். பிற்பாடு ராஜராஜ சோழர்."

அவள் எழுந்து உள்ளே போனாள். சரித்திரப் புத்தகத்தோடு திரும்பி வந்தாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். சிங்கள எழுத்து. எனக்குப் புரியவில்லை, அவள் சொன்னதுதான் புரிந்தது.

"உங்கள் அரசர் அநுராதபுரத்தை உடைத்தார். அவருடைய மகன் எங்கள் அரசரைப் பிடித்துக்கொண்டு போனார்."

"ஆமாம்."

"திருப்பி அனுப்பவில்லை."

"இல்லை."

வாஸ்தவம். 993-ஆம் வருஷத்தை ஒட்டி ராஜராஜனின் சேனை வந்தது. ஆயிரத்து முந்நூறு வருஷம் கொடிகட்டிப் பறந்த அநுராதபுரம் அதோடு தலைநகர் என்கிற பதவியை இழந்தது. 1017-இல் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தனை, ராணியோடும் கிரீடத்தோடும் சோழ நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்து, அங்கேயே இறந்தான். ஸ்தூபிகளின் நிதியறைகளை உடைத்து வாரிக்கொண்டு போனார்கள் என்று சூளவம்சம் எழுதியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலோ, ஈழத்து ஊர்கள் சிலவற்றிலிருந்து கோயிலுக்கு வருமானம் வரவேண்டிய கணக்கு இருக்கிறது. இதெல்லாம் காலேஜில் நான் பரீட்சைக்குப் படித்த விஷயங்கள்தான். மார்க்கும் வாங்கினேன். ஆனால் தோற்றவர்கள் வீட்டில் இடியாப்பம் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் குழந்தையின் எதிரே உட்கார்ந்து ஒரு தடவையும் படித்ததில்லை.

"என் கதாநாயகன் இவர்" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். முதலாம் விஜயபாகு. பதினைந்து பதினாறு வயதில், காட்டில் ஒளிந்து திரிந்து படை சேர்த்தவன். 1070-இல் சோழர்களைத் துரத்தினான். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வேடிக்கையாக இருந்தது. மாறுவேஷம், ஒற்றர்கள், ராத்திரிப் பிரயாணம் எல்லாம் அவள் கதையிலும் உண்டு. துரத்தப்படுகிறவர்கள் மட்டும் நம்மவர்கள்!

நான் கல்கி அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. கதை நடப்பதெல்லாம் 985-இல் ராஜராஜன் பட்டத்துக்கு வருவதற்கு முன்னால். பிற்பாடு நடந்ததற்கு அந்தக் கதை ஜவாப்தாரி அல்ல. இதே ராஜராஜன் நாகப்பட்டினம் சூடாமணி விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தைத் தானம் செய்தவன். அதற்குச் செப்பேடு இருக்கிறது. அதையும் அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது உங்கள் ஊரில் உள்ள விஹாரம்" என்றாள். அந்த வழக்கில் எனக்குத் தோல்விதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாயும் மகளும் என்னோடு கிளம்பிவிட்டார்கள். பழைய நகரத்தில் இரண்டாம் சிவாலயம் என்று இலக்கமிட்ட ஒரு கோயில் உண்டு. அடியிலிருந்து சிகரம் வரை கல். பார்த்த மாத்திரத்தில் நம் ஊர்க் கைவேலை என்று தெரியும். பொலன்னறுவைக்குச் சனநாதமங்கலம் என்று பெயர் வைத்துச் சோழர்கள் ஆண்ட காலத்தது. ராஜராஜனின் ராணியும் ராஜேந்திரனின் தாயாருமான வானவன் மாதேவியின் பேரால் வானவன் மாதேவி ஈசுவரம் என்று பெயர். கூரை வேய்ந்த அரண்மனைகள் போய்விட்டன. ஒரு பெண்பிள்ளையின் பெயர் கொண்ட கோயில் நிற்கிறது. வீட்டுக்கார அம்மாள் புத்தருக்கென்று கொண்டுவந்த நீல அல்லியில் ஒன்றைப் பிரித்து, லிங்கத்தின் மேல் வைத்துக் கும்பிட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் கல்லைப் பார்த்தேன்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், தலதா மாளிகைகள் இருந்த சதுக்கத்தில், நட்டு வைத்த ஒரு பெரிய கற்பலகை. "இதை நீங்கள் படிக்க வேண்டும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வேளைக்காரர் கல்வெட்டு. தமிழ்! கிரந்தமும் பழைய எழுத்துமாக இருந்ததால் எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. ஆனால் விஷயம் அறிஞர்கள் படித்துச் சொன்னதுதான். விஜயபாகு புத்தரின் புனிதப் பல்லுக்குக் கோயில் எடுத்தான். அவன் காலமான பின் அதைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படை ஏற்றுக்கொண்டது. அவர்கள் தமிழ்ச் சேனை. உயிர் உள்ளவரை காப்போம் என்று கல்லில் எழுதிக் கொடுத்து, 'மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று தங்கள் பெயரையே கோயிலுக்கு வைத்தார்கள். இதே வேளைக்காரர்கள்தான் முன்பு ஒரு தடவை, சோழ நாட்டின் மேல் படையெடுக்க விஜயபாகு உத்தரவிட்டபோது, மாட்டோம் என்று கலகம் செய்தவர்கள்! எந்தக் கட்சியில் சேர்ப்பது இவர்களை? அவளுடைய புத்தகத்திலும் இடமில்லை, என்னுடைய தொகுதிகளிலும் இடமில்லை.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் அம்மாவுக்குச் சிங்களத்தில் சொன்னாள். அம்மாள் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று அப்பாவின் பொட்டலத்தைக் கொடுத்தேன். அந்த அம்மாள் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் நீவிப் பார்த்தாள். கைத்தறியா, இயந்திரமா என்று பார்க்கும் விரல் அது. எனக்கு நன்றாகத் தெரியும். "தாத்தா?" என்றாள். சிங்களத்தில் அப்பாவுக்குத் தாத்தா என்று பெயராம். என் தகப்பனார் நெய்ததா என்று கேட்கிறாள்! மகள் மொழிபெயர்த்த பிறகுதான் ஆமாம் என்றேன்.

ஊருக்கு வந்ததும் 'பொன்னியின் செல்வ'னின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் முதல் இரண்டு பாகங்களை அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துத் தமிழிலேயே கடிதம் வந்தது. பூங்குழலியைப் பிடித்திருக்கிறதாம். வந்தியத்தேவன் அதிகமாகப் பேசுகிறானாம். 'இளவரசர் மிகவும் நல்லவர். பிறகு அவர் ஏன் அப்படிச் செய்தார்? அடுத்த பாகத்தில் அது வருமா?'

வராது என்று எழுதினேன். மற்ற மூன்று பாகங்களையும் அனுப்பினேன். பதிலுக்கு அவளிடமிருந்து ஒரு கனமான பார்சல். பிரித்தால், கைகர் என்ற ஜெர்மானிய அறிஞர் இங்கிலீஷில் கொண்டுவந்த மகாவம்சம். இரண்டு இடங்களில் காகிதத் துண்டு செருகியிருந்தாள். ஒன்றில் எல்லாளனும் கன்றுக்குட்டியும். இன்னொன்றில் அவனுக்குச் சமாதி எழுப்பிய இடம். ஓரத்தில் பென்சிலால், கோணல் மாணலான தமிழ் எழுத்தில், 'இவர் உங்களுக்கு' என்று இருந்தது.